பச்சைக் கட்டம்

குடலுக்குள் போகும் குழாயின் நுனியில் ஒரு கேமரா இருந்தது. அது காட்டும் படத்தில் சதை வளர்ச்சி தெரிந்தால், கணினி அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போடும்.

அன்று பரிமளா டீச்சரின் குடலில், ஒரு மடிப்பருகே கேமரா தயங்கியது.

"இதுக்குப் பின்னால பார்க்கலையே," என்றது கேமரா.

"நீ காட்டினாத்தானே நான் சொல்ல முடியும்?" என்றது கணினி.

டாக்டர் குழாயை உருவினார். "பச்சையே வரலை. சுத்தமா இருக்கு, நிம்மதியா போங்க டீச்சர்."

இரண்டு வருடம் கழித்து டீச்சர் பாதியாய் இளைத்து வந்தார். அதே மடிப்பைத் தாண்டிப் புற்று வளர்ந்திருந்தது. கணினி பளிச்சென்று கட்டம் போட்டது. "கண்டுபிடிச்சிட்டேன்!"

"படம் மங்கலா இருக்கே," என்று டாக்டர் குழாய் வழியே தண்ணீர் விட்டுக் கேமராவைக் கழுவினார். மறுபடியும் கழுவினார்.

"என் கண்ணாடி சுத்தமாத்தான் இருக்கு, உங்க கண்ணைத் துடைங்க, டாக்டர்," என்றது கேமரா.