ஒரு கட்டமும் காலியில்லை

விண்ணப்பத்தில் மூன்று கோடுகள் இருந்தன. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம்.

மூன்றிலும் அவள் ஐ.சி.யூ. என்றே எழுதியிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். நர்ஸ் என்று பதிவு எண் வாங்கி இன்னும் மை காயவில்லை, அதற்குள் வெண்டிலேட்டரோடு குடித்தனம் நடத்தக் கிளம்பிவிட்டாள் என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கிண்டலடித்தாள். பெஞ்சில் இருந்த மற்ற புது நர்ஸுகள் சிரித்தார்கள். படித்த நாலு வருடமும் அவர்கள் அவளைப் புலி என்றுதான் கூப்பிட்டார்கள்.

புலிக்கு உள்ளங்கை வியர்த்துக்கொண்டிருந்தது. பேனா வழுக்கியது.

காலையில் அம்மா வாசல்வரை வந்து, பல் பிரிவைக் கேள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அங்கே ரத்தம் குறைவு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, யாரும் செத்துப்போவதில்லை. அம்மா சொன்னதில் கடைசியாகச் சொன்னது மட்டும் அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் பல் பிரிவில் இந்த வருடம் இடமில்லை. குழந்தைகள் பிரிவும் நிரம்பிவிட்டது. மிச்சம் இரண்டுதான். எல்லோரும் பயந்து ஒதுங்கிய ஐ.சி.யூ., இன்னொன்று ஆண்கள் பொது வார்டு.

மற்றவர்களுக்குப் பொது வார்டு ஒரு பொருட்டே இல்லை. முப்பது கட்டில், மாத்திரை, ஊசி, காலையில் ஒரு சுற்று. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்யலாம் என்பார்கள்.

அவளோ அந்த வார்டின் கதவைக் கடக்காமல் சுற்றுவழியாகத்தான் இங்கே வந்திருந்தாள். மூன்றாவது கோட்டில்கூட அதன் பெயரை எழுதக் கை வரவில்லை.

ஐ.சி.யூ.வில் ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு திரை இருக்கும். நாடி, மூச்சு, எல்லாவற்றையும் அதுவே எண்ணும். ஒன்று பிசகினாலும் கத்தி ஊரைக் கூட்டிவிடும். அந்தச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் குலை நடுங்கும், அவளுக்கு அதுதான் தைரியம். சத்தமில்லாமல் படுத்திருப்பவர்களைக் கண்டால்தான் பயம். பஸ்ஸில் யாராவது தூங்கினால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். மத்தியானம் அம்மா கண்ணயர்ந்தால் அவள் மூக்கருகே விரலைக் கொண்டுபோவாள். பெண்ணுக்கு என்மேல் உயிர் என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரே பதிலை மூன்று தடவை எழுதிய ஆளை இப்போதுதான் பார்ப்பதாகச் சொல்லிச் சிரித்தார். தைரியத்தை மெச்சினார். பிறகு மேசைமேல் இருந்த தடித்த ஃபைலைப் பிரித்தார்.

பயிற்சியின்போது பொது வார்டில் நாடி, மூச்சு, காய்ச்சல் என்று கட்டம் கட்டமாக அவள் எழுதிய சார்ட்டுகள்.

ஒவ்வொரு தாளாக அவர் புரட்டப் புரட்ட, எந்தக் கட்டத்தில் அவர் விரல் நிற்கும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். ஒரு கணம் அது நிம்மதியாகக்கூட இருந்தது.

"மெஷின் இருக்கிற இடத்துக்கு யார வேணும்னாலும் அனுப்பலாம்மா. முப்பது பேரோட சார்ட்டுல ஒரு கட்டத்தக்கூட நீ காலியா விட்டதில்ல. பொது வார்டுக்கு உன்ன மாதிரி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் பதிவு எண் போகும், நாலு வருடப் படிப்பு போகும், அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

தலையாட்டினாள்.

போன வருடம், மாணவியாக அந்த வார்டில் இருந்தபோதும் இப்படித்தான் தலையாட்டினாள்.

நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும் என்பது பாடம். முப்பது பேருக்கு அரை மணி நேரம். யாரும் எண்ணுவதில்லை, சராசரி அளவான பதினெட்டு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தக் கட்டத்தை எந்த டாக்டரும் கேள்வி கேட்டதில்லை.

அன்று காலை ஆறு மணிச் சுற்றில், இருபத்து மூன்றாம் கட்டில் பெரியவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பாவம், தூங்கட்டும் என்று அவரைத் தொடவில்லை. முந்தைய சுற்றில் இருந்த நாடியையும் காய்ச்சல் அளவையும் பார்த்து எழுதிக்கொண்டாள். மூச்சு, பதினெட்டு.

ஏழு மணிக்கு விரிப்பு மாற்றப் போனபோது அவர் விரல்கள் மடக்க முடியாமல் விறைத்திருந்தன. ஒரு மணி நேரத்தில் ஒரு உடம்பு அப்படி விறைக்காது. விடிவதற்கு வெகு முன்பே போயிருந்தார். அவசரத்தில் வந்த டாக்டர் அவரைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, சார்ட்டைப் பார்த்து ஆறு மணிக்கு மேல் இறந்ததாக எழுதிவிட்டுப் போனார்.

ஏழரைக்கு அவருடைய மகள் ஓடி வந்தாள். அழுது முடித்து, கட்டில் காலில் தொங்கிய சார்ட்டை எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் நின்ற இவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆறு மணிக்குக்கூட அப்பாவுக்கு மூச்சு நல்லாத்தான இருந்திருக்கு. அஞ்சு மணி பஸ்ஸ நான் விடாம இருந்திருந்தா, உயிரோட பாத்திருப்பேன்ல சிஸ்டர்?"