வெள்ளியை மறைத்த மேகம்

வெள்ளிக் கிரகத்தின் மேகங்களை ஆராய, மலையுச்சித் தொலைநோக்கியில் எனக்கு ஆறு மாலைகள்தான் ஒதுக்கியிருந்தார்கள். விட்டால் இன்னும் ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆறாவது மாலையும் வானம் மூடிக்கொண்டது. வெள்ளி கண்ணில் படவே இல்லை. நான் தங்கியிருந்த கூடாரத்துக்குத் திரும்பியதும், மேய்ப்பர் பெக்போலத் அன்றும் வெந்த ஆட்டுத்தலையை என் முன்னால் வைத்தார்.

“தினம் ஒரு ஆடு எதுக்குண்ணே? விருந்துன்னாலும் ஒரு அளவு இல்லையா?”

“விருந்துக்கா அறுத்தேன்? மழைக்கு வேண்டிக்கிட்டு ஓடைக்கரையில அறுத்தது, தம்பி.”

“புல்லுதான் இடுப்பளவு நிக்குதே. மழை எதுக்கு?”

“எனக்கு எதுக்கு? மேகத்தைப் பாக்க வந்திருக்கேன்னு முதல் நாள் நீதானே சொன்னே. அன்னிக்குக் காலையில வானத்துல பொட்டு மேகம் இல்லை. அல்மாத்திப் பட்டணத்துலேருந்து வந்த பிள்ளையை வெறுங்கையோட அனுப்புவேனா?”

அவர் கத்தியை என் கையில் கொடுத்தார்.

“ஆறு நாளும் நல்லாப் பாத்தியா?”

“பாத்தேண்ணே” என்று ஆட்டுக்காதை அறுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.