சுகமான வழி

முதுகுவலி தாங்காமல், தையல் கம்பெனிக்குப் போய்வர அருள்மேரி ஒரு சொகுசு சைக்கிள் வாங்கினாள். அகலமான சீட்டு, உயர்ந்த ஹேண்டில்பார், முன்னால் கூடை என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பொருத்தச் சொன்னாள். சுகமான வழியைச் சைக்கிளே பார்த்துக்கொள்ளும் என்றார் கடைக்காரர்.

முதல் நாள் மாலை வீடு திரும்பும்போது, அவள் தெருமுனையில் சைக்கிள் தானாக நின்றது. எவ்வளவு மிதித்தும் சக்கரம் உருளவில்லை. கடைக்காரரைப் போனில் பிடித்தாள்.

"உங்க தெருவுல நாத்தம்னு எங்க வண்டி மேப்புல குறிச்சிருக்காங்கக்கா. ஒருத்தர் குறிச்சாலே எங்க வண்டி எதுவும் உள்ள போகாது."

"யாரு குறிச்சது?"

"எங்ககிட்ட வண்டி வாங்கின வசுமதின்னு ஒருத்தங்க. போன ஞாயித்துக்கிழமை."

வசுமதி பக்கத்து மெஷினில் தைப்பவள். அந்த ஞாயிறன்றுதான் அருள்மேரி வீட்டுக்கு வந்து, வஞ்சிர மீன் குழம்பை விரல் நக்கிச் சாப்பிட்டு, தன் மகனுக்கும் தூக்குவாளியில் வாங்கிப் போயிருந்தாள்.

அருள்மேரி போனை வைத்தாள். காறித் துப்பிவிட்டு, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி சைக்கிளை வீடுவரை தள்ளிப் போனாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் வசுமதி நகர்ந்து இடம் கொடுத்தாள். "புது வண்டி எப்படிடி இருக்கு?"

"சுகமாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்குத்தான் வரமாட்டேங்குது" என்ற அருள்மேரி, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள்.