இடம் பத்தாத ரயில்

யாருடி சொன்னது, உன் ரூம்ல ரயில் ஓடுதுன்னு? உன் தம்பியா? ஒரு முழம் தண்டவாளம் கூடக் கிடையாதுடி அங்க. நம்பலைன்னா உள்ள போய்ப் பாரு. மாட்டியா? சரி, வாசல்லயே நில்லு. அத்தை இப்படிப் படியில உக்காந்துக்கறேன். என் முட்டி உன்னை மாதிரி ரோஷம் எல்லாம் பாக்காது.

"சர்டிஃபிகேட்டை மட்டும் எடுத்துக் குடுங்க அத்தை, போயிடறேன்"னு சொல்ற. ஆறு வருஷம் கழிச்சு வந்து பேசற பேச்சா இது?

படிச்ச படிப்பை விட்டுட்டு பேக்கரி வேலைக்குத்தான் போவேன்னு நீ நின்ன. "போனா திரும்பி இந்தப் படி ஏறாதே"ன்னு உங்கப்பன் கத்தினான். அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே மூக்கு. அது நுனியில ஒரே கோவம். இப்ப பேக்கரியை மூடிட்டாங்க. ஊரெல்லாம் தங்க இடம் தேடற. இங்க இருடின்னா, "என் ரூமைத்தான் பொம்மை ரயிலுக்குக் குடுத்துட்டாரே"ங்கற.

முழுசாக் கேட்டுட்டுப் போ.

பொம்மை ரயில் கட்டறதைப் பத்தின அந்தப் புத்தகம் மாசாமாசம் தபால்ல வரும், உனக்குத்தான் தெரியுமே. வந்த அன்னிக்கு அவன் இந்த உலகத்துலயே இல்லை. நம்ம பில்டிங் லிஃப்ட் மூணு மாசமா நிக்குது. லிஃப்ட் மெக்கானிக்கோட அக்கா நான், மூணு மாடி ஏறி இறங்கறேன்! கேட்டா, "இந்தப் பக்கத்தை முடிச்சுட்டு வரேன்க்கா"ம்பான்.

கவரைப் பிளேடு வச்சுத்தான் பிரிப்பான். பின்பக்கத்துலேருந்துதான் ஆரம்பிப்பான். ஒருநாள் மேஜையில புத்தகத்தை வச்சு, பக்கத்துல கன்னத்தைப் படிய வச்சு, ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டுப் படத்தைப் பாக்கறான்.

"என்னடா, கழுத்து சுளுக்கிக்கிச்சா?"ன்னேன்.

"இல்லக்கா, பிளாட்பாரத்துல நிக்கறேன்"னான்!

"இந்தப் பாலத்தைப் பாருக்கா. வெறும் அட்டை. மழைத்தண்ணி வழிஞ்ச கறை வரைக்கும் போட்டிருக்கான், கில்லாடி"ம்பான். "மலைக்குப் பின்னாடி போன ரயில் உடனே வந்துடக்கூடாதுக்கா. கொஞ்ச நேரம் காணாம இருக்கணும், அப்பதான் அழகு"ம்பான். எனக்கு ஒரு இழவும் புரியாது. அவன் சிரிக்கறதைப் பாக்கறதுக்காகப் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிப்பேன்.

உன் மாமா இருந்தாரே, அவர் வேற மாதிரி. படிச்ச உடனே செஞ்சு பாத்துடணும். ஏதோ ஒரு புத்தகத்தைப் பாத்துட்டு என் தையல் மெஷினை அக்குவேறு ஆணிவேறாக் கழட்டி மாட்டினார். மூணு ஸ்க்ரூ மிச்சம். "அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா அழகுக்குப் போட்டது"ன்னார். அன்னிலேருந்து அந்த மெஷின் பின்பக்கமா மட்டும்தான் தைச்சுது. என் பேத்திக்கு ஒரு பாவாடை...

எங்க விட்டேன்? ஆங், உங்கப்பன்.

இவன் படிப்பான். டேப்பை எடுத்துட்டுப் போய் உன் ரூமை அளப்பான். ஆமா, அளந்தான், உன் தம்பி சொன்னதுல அது மட்டும் நிஜம். புத்தகத்துல இருக்கற பிளானை நம்ம ரூமுக்கு ஏத்த மாதிரி பென்சில்ல போடுவான். போட்டுட்டு ஒரு பெருமூச்சு. "சரி வராதுக்கா, இடம் பத்தாது."

பன்னண்டுக்குப் பத்து ரூம்! "பொம்மை ரயிலாப்பா, நிஜ ரயிலா?"ன்னு உன் தம்பி கேலி பண்ணாத நாளில்லை.

போன மாசம் அப்பாவோட பொறந்த நாள்னு, ரெண்டு பெட்டி தண்டவாளம் வாங்கி, கையோட கார்பென்டரையும் கூட்டிட்டு வந்துட்டான் உன் தம்பி. கார்பென்டர் பலகையை இறக்கறான். உங்கப்பன் உன் ரூம் கதவை மறிச்சுக்கிட்டு நிக்கறான்.

"வேண்டாம்பா. அடுத்த மாசப் புத்தகத்துல நல்ல பிளான் வருதாம். பாத்துட்டு ஆரம்பிக்கலாம்."

"ஆறு வருஷமா இதையேதான் சொல்றீங்க! உங்களுக்குச் செய்யத் தெரியாது, படம் பாக்க மட்டும்தான் தெரியும். அதை ஒத்துக்கோங்க!"

கார்பென்டர் என்னைப் பாக்கறான், நான் கார்பென்டரைப் பாக்கறேன். உன் தம்பி தண்டவாளத்தைத் தூக்கிட்டுப் போனவன்தான். அந்தக் கோவத்துலதான் உனக்குப் போன் பண்ணி ஒண்ணை ஒம்பதாச் சொல்லியிருக்கான்.

எனக்கும் ஆத்திரம்தான். பையன் ஆசையா வாங்கிட்டு வந்ததை இப்படியா விரட்டறது? நாலு வார்த்தை நல்லாக் கேக்கலாம்னு உள்ள போனேன். போட்ட பிளானை எல்லாம் பரப்பி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நாப்பது பிளானாவது இருக்கும். குனிஞ்சு பாத்தேன்.

எல்லாத்துலயும் ஜன்னலோரமா ஒரு கட்டம். ஆறுக்கு மூணு. தண்டவாளம் அதைத் தொடாம வளைஞ்சு வளைஞ்சு போகுது.

"இது என்னடா, குளமா?"

"இல்லக்கா. கட்டில்."

"யார் கட்டில்?"

பிளானை ஒண்ணொண்ணாத் தள்ளறான். "இதுல ஜன்னல் மறையுது, காத்து வராது. இதுல பாலம் தலைக்கு மேல போகுது, எந்திரிக்கும்போது இடிச்சுக்குவா. இது பரவால்ல, ஆனா தூக்கத்துல கையை வீசுவாளேக்கா..."

"அந்தக் கட்டிலைத் தூக்கி வெளிய போட்டா இடம் தானா வந்துட்டுப் போகுது!"ன்னேன்.

நிமிர்ந்து பாத்தான். "போட்டுட்டா, நாளைக்கு வந்தா எங்கக்கா படுப்பா?"

ஏண்டி அழற? இந்தா, முந்தானையில தொடைச்சுக்கோ.

டேய்! கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக்கேட்டது போதும். ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம மொட்டைமாடியில காயப்போடறியே உன் பொண்ணு மெத்தை, அதைத் தூக்கிட்டு வந்து கட்டில்ல போடு!