பின்னால் பிடிக்கிறவன்

அந்த இருவர் நடனத்தில் ஓர் இடம் உண்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகத் தாவுவாள். ஜோடி அவள் இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்குவான்.

சின்ன வயதிலிருந்தே அவளோடு ஆடிய நெட்டையன்தான் பிடித்தான். அவள் இடுப்பு கன்றிப்போகும், அவனுக்கு மூச்சு வாங்கும். அப்போதும் தூக்கியதும், “விட்டுடவா?” என்று கேட்பான். “விடு, பாப்போம்” என்பாள். அவன் போய்ச் சேர்ந்த பிறகு, பல வருடம் அவள் அதை ஆடவே இல்லை.

இன்று புதிய ஜோடியோடு முதல் ஒத்திகை. முழங்கால் மக்கர் செய்தது. ஆனாலும் பழைய இசை கேட்டதும் உடம்பு யாரையும் கேட்காமல் கிளம்பிவிட்டது. தாவினாள். இரண்டு கைகள் சரியான இடத்தில் பிடித்து உயர்த்தின.

“விட்டுடவா?”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “விடு, பாப்போம்.”

கண்ணைத் திறந்தாள். கூடத்தின் அந்தக் கோடியில் புதியவன் தண்ணீர் பாட்டிலும் கையுமாக நின்றிருந்தான்.

“அக்கா, நான் இன்னும் வரவே இல்லையே...”

“கொஞ்சம் பேசாம இருப்பா” என்றாள், மேலிருந்தபடியே.

அவள் குனிந்து பார்க்கவில்லை. இடுப்பைப் பிடித்திருந்த விரல்கள் லேசாக நடுங்கின. முன்பெல்லாம் அவை நடுங்கியதில்லை. அவனுக்கும் வயதாகியிருந்தது.