திறந்த வண்டி

மகள் கார் வாங்கிய நாளிலிருந்து ரத்னவேலுக்குத் தூக்கம் போய்விட்டது.

எல்லாரும் வாங்குகிற மாதிரி கார் இல்லை அது. இரண்டே சீட். பின்னால் சீட்டே கிடையாது. பட்டனை அமுக்கினால் மேல்கூரை மடங்கிப் பின்பக்கமாய்ப் போய் ஒளிந்துகொள்ளும். தரையை ஒட்டிப் பதுங்கியிருக்கும் நீல நிற ஸ்போர்ட்ஸ் கார்.

இனியா பல் டாக்டர். சொந்தச் சம்பாத்தியத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தாள். ரொம்ப நாள் ஆசை என்றாள். பெற்றவர்களை உட்கார வைக்க இடமில்லாத கார் எதற்கு, கொழுப்புதானே என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள்.

ரத்னவேலுக்கு அதெல்லாம் பெரிதில்லை. அவருக்கு இருந்தது பயம்.

சிங்கப்பூரில் கட்டட கான்ட்ராக்டர் அவர். எத்தனையோ மாடி உயரத்தில் சாரத்தின்மேல் நின்று வேலை வாங்கியவர். அப்போதெல்லாம் வராத பயம், மகள் கார் சாவியை எடுத்தாலே வந்தது. ஒரே பெண். கூரையில்லாத வண்டி ஏதாவது ஒன்றில் மோதினால், அவள் காற்றில் பறந்து போய் விழுவதுபோலக் கண்ணுக்குள் ஒரு காட்சி ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் வரக் கொஞ்சம் தாமதமானாலும் ஜன்னலுக்கும் வாசலுக்குமாய் நடந்தார். எந்தெந்த நாட்டு விபத்து வீடியோக்களையோ தேடிப் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். சிராங்கூன் ரோடு கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியாயிற்று. பழம் நசுங்கியது, பயம் நசுங்கவில்லை.

கடைசியில் இனியாவே ஒரு வழி சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை என்கூட உட்கார்ந்து வாங்கப்பா. அப்பவும் பயமா இருக்குன்னா சொல்லுங்க, வித்துடறேன். ப்ராமிஸ்."

சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினார்கள். கூரையைத் திறந்தே வைத்திருந்தாள். அப்பாவின் பயம் எதுவோ, அதைத்தானே தெளிய வைக்க வேண்டும்?

ஆங் மோ கியோ தாண்டி எக்ஸ்பிரஸ்வேயில் ஏறியதும் காற்று காதில் அறைந்தது. பக்கத்தில் போன டிரெய்லரின் சக்கரம் ரத்னவேலின் முகத்துக்கு நேராகச் சுழன்றது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அவர் கதவின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. மெதுவாகப் போகச் சொன்னார். ஸ்பீட் லிமிட்டுக்குக் கீழேதான் போகிறேன் என்று இனியா முள்ளைக் காட்டினாள். அவர் கண்ணைத் திறந்திருந்தால்தானே பார்ப்பதற்கு?

கிராஞ்சிப் பக்கம் திரும்பியபோது தூறல் விழுந்தது. கூரையை மூடச் சொல்லிப் பதறினார். ஓடிக்கொண்டிருக்கும்போது மூடாது, சிக்னலில் நின்றதும் மூடுகிறேன் என்றாள். முன்னால் தார்ப்பாய் போட்ட லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் போகாதே என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் லாரி திடீரென்று பிரேக் போட்டது. ஏதோ ஒரு கார் அதன் குறுக்கே புகுந்திருக்க வேண்டும்.

இனியாவும் பிரேக்கை மிதித்தாள். டயர்கள் கிறீச்சிட்டன. ரத்னவேலின் உடம்பு முன்னால் பாய்ந்து, திரும்பி வந்து சீட்டில் மோதியது. கார் நின்றபோது லாரிக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான் மிச்சம்.

லாரி மெல்ல நகர்ந்தது. இனியாவும் நகர்ந்து, அடுத்த சிக்னலில் வலப்பக்க லேனில் போய் நின்றாள். பட்டனை அமுக்கினாள். பின்னாலிருந்து கூரை மெதுவாக எழும்பத் தொடங்கியது.

ரத்னவேலுக்கு இப்போதுதான் குரல் வந்தது.

"பார்த்தியா? தூக்கி வெளிய எறிஞ்சிருக்கும். அப்புறம் அள்ளிக்கிட்டுப் போறதுக்குக்கூட ஒண்ணும் இருக்காது. உயிருன்னா அவ்வளவு மலிவாப் போச்சா உனக்கு? வீட்டுல காத்துக்கிட்டு இருக்கறவங்களக் கொஞ்சமாவது நினைச்சுப் பார்த்தியா? இந்த மாதிரி வண்டியில மனுஷன் போவானா?"

இனியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரிப்பா. வித்துடறேன்" என்றாள்.

அவருக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. மகள் பிழைத்தாள் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

"பாஸ்."

குரல் தலைக்கு மேலிருந்து வந்தது. இடப்பக்க லேனில் அதே லாரி நின்றிருந்தது. பின்பக்கத் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. சக்தி, அவருடைய சைட்டில் கம்பி கட்டுகிறவன். அவனுக்குப் பின்னால், பிரேக் போட்ட வேகத்தில் ஒருவர்மேல் ஒருவராய்ச் சரிந்து கிடந்த ஆட்கள், சிமெண்ட் கலக்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து, தொழிலாளர்கள் தங்கும் டார்மிட்டரிக்குத் திரும்புகிறார்கள்.

லாரியின் கதவில் ரத்னவேலின் கம்பெனி பெயர் மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஆட்களுக்கு ஒரு பஸ் வைக்கலாமா என்று சூப்பர்வைசர் கேட்டபோதெல்லாம், "லாரி போதும்லா" என்றவர் அவர்தான்.

கூரை அவர் தலைக்கு மேல் வந்து மூடுவதற்குள், சக்தி இன்னும் குனிந்து, நிஜமான கவலையோடு சொன்னான்:

"பாஸ், பெல்ட் போட்டிருக்கீங்கல்ல? திறந்த வண்டி. பார்த்துப் போங்க."