சிவப்பு வரி

மணமேல்குடி மீன் கம்பெனியின் கண்காணிப்பு அறையில், ஜன்னல் வெயில் கணினித் திரையில் பட்டுக் கூசுகிறது. போன வாரம் குளிர்அறைக்குள் மாட்டிக்கொண்ட சந்தனம் அழுத்திய அபாய மணி, இதே திரையில் 'சாதாரணம்' என்று சாம்பல் நிறத்தில் வந்தது. திரைக்கு முன் உட்கார்ந்திருந்த ரீட்டாவின் கண்ணில் அது படவில்லை. குளிரில் விறைத்துக் குற்றுயிராய்க் கிடந்தவளைத்தான் வெளியே தூக்கினார்கள். இப்போது ரீட்டா அந்தச் சொல்லை அழித்து, 'உள்ளே ஆள், உடனே ஓடு' என்று அடித்துச் சிவப்பு நிறம் கொடுக்கிறாள். "நானே உள்ள போயி அமுக்கிப் பாக்குறேன்" என்கிறாள், பின்னால் நிற்கும் சந்தனம். கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிடுகிறாள். "நீங்க வேணாங்க்கா." "இல்லத்தா, நான்தான் போகணும். இல்லாட்டி இனிமே அந்தக் கதவுக்கிட்டயே போகமாட்டேன்." கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. திரை சிவந்து அலறுகிறது. சோதனைதான் என்று தெரிந்தும், நாற்காலி கவிழ ரீட்டா ஓடுகிறாள்.